மீனம்பாக்கம் போய்வர ஒரு கார்

குவார்ட்டர்ஸில் எனக்குக் கார் பைத்தியம் என்று பெயர். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தொழிற்சாலையில் நாள் முழுக்க ராணுவ வண்டிகளின் ஒயர்களோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, வீட்டுக்கு வந்தும் இன்னொரு வண்டியைக் கட்டிக்கொண்டு அழ ஆசை இருக்குமா? இருந்தும் எண்பதுகளின் பின்பாதியில், ஏறக்குறைய இரண்டு வருஷம், என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒரு பழைய காரின் அடியில்தான் கழிந்தன. அதற்குக் காரணம் கார் இல்லை, ஒரு பஸ் கண்டக்டர்.

என் மனைவி அப்போது மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவில் வருவாள். முதல் லீவுக்கு வந்தபோது மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து அவளை நான் பஸ்ஸில் கூட்டி வந்தேன். டாக்சி ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். தோன்றவில்லை, அவ்வளவுதான். எங்கே போனாலும் பஸ்ஸில் போகிறவன் நான். இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு போர்வைக் கட்டு, அவள் கையில் ஒரு டேப் ரிக்கார்டர். பல்லாவரத்தில் ஏறியதுமே கண்டக்டர் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாம்மா, ஊட்டையே பேத்து எட்துகினு வந்துட்டியா? ஏறுறவங்கோ இன்னா உன் பொட்டி மேலயா குந்துவாங்கோ?"

பஸ்ஸே சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் அசடு வழியச் சிரித்து வைத்தேன். அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் குத்துகிறது. பூந்தமல்லி வரை அவள் பெட்டியை ஒரு கையால் பிடித்தபடி நின்றே வந்தாள். அங்கிருந்து ஆவடிக்கு இன்னொரு பஸ். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிப்போன பாதத்தைத் தடவிக்கொண்டே, "அடுத்த தடவை நான் நடந்தே வந்துடறேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு விளையாட்டாகப் படவில்லை.

அவள் மஸ்கட்டுக்குப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். அவர்களைக் கரையேற்றும் பொறுப்பு அவள் தலையில் இருந்தது. முதல் லீவுக்கு வந்தபோதே இரண்டாவது தங்கைக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆக, போன காரியம் முடிந்தது, திரும்பி வந்துவிடலாம். 'வந்துவிடு' என்று சொல்ல வேண்டியவன் நான்தான். நான் சொல்லவில்லை. அங்கே அவளுக்குச் சொந்தமாக ஒரு வேலை, வார்டில் மரியாதை, ஹாஸ்டலில் தோழிகள். இங்கே ஓர் அறையும் ஒரு சமையலறையும் நானும். வா என்று கூப்பிட்டு, அவள் வரவில்லை என்றால்? அதனால் நான் கூப்பிடாமல், அவளாகவே 'இனிமேல் போகவில்லை' என்று சொல்லும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினேன். அடுத்த லீவுக்கு அவள் வரும்போது மீனம்பாக்கத்தில் ஒரு காரோடு நிற்பது. அதைப் பார்த்தால் அவளுக்குப் புரிந்துவிடும். இதுதான் என் திட்டம். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

கார் திருமழிசையில் கிடைத்தது. தொழிற்பேட்டைக்குப் பின்னால், பழைய தெரு ஒன்றில், காலமாகிவிட்ட ஒரு டாக்டரின் வீடு. கொட்டகையில் ஐம்பதுகளில் சீமையிலிருந்து வந்த சின்னக் கார் ஒன்று பல வருஷமாக நின்றுகொண்டிருந்தது. பின்சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. டாக்டரின் மகன் கொட்டகையை இடிக்க நினைத்திருந்தார். "சும்மா எடுத்துக்கிட்டுப் போங்க, எனக்கு இடம் காலியானா போதும்" என்றார். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த எனக்கு பிரேக் பிடிக்காது என்ற விஷயம் நெடுஞ்சாலை ஏறிய பிறகுதான் தெரிந்தது. ஆவடி வந்து சேரும்வரை வேளாங்கண்ணி மாதாவுக்கு எத்தனை மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்பமரத்தடியில் அதை நிறுத்தினேன். ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்ததும் பேன்ட்டை மாற்றிக்கொண்டு அடியில் புகுந்துவிடுவேன். பிரேக்கைச் சரி செய்தேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ரேடியேட்டரிலிருந்து குளவிக்கூட்டைச் சுரண்டி எடுத்தேன். ஒயர்கள் எல்லாம் துணி சுற்றியவை. எலி கடித்ததுபோக மீதி இருந்தவை சாயம் போய் ஒரே நிறமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கட்டி, எண் போட்டு, நோட்டில் வரைந்தேன். அந்தக் காரில் திரும்புவதற்குச் சிமிட்டும் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னால் உள்ள தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே எழுந்து நிற்கும், அதற்குள் விளக்கு எரியும். வலது கை எழும், இடது கை எழாது. அந்த இடது கைக்கு மட்டும் ஒரு மாதம் ஆனது. எனக்கு அவசரம் இல்லை. வேலை முடிந்துவிட்டால் வீட்டுக்குள் போக வேண்டும். உள்ளே போனால் ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொடியில் காயும் ஒரே ஒரு சட்டை. பக்கத்து வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவது சுவர் வழியாகக் கேட்கும். எனக்கு அது பொறுக்காது. வெளியே காருக்கு அடியில் கிடந்தால் ஸ்பேனர் சத்தமாவது கேட்கும்.

நாங்கள் கடிதம் எழுதிக்கொள்வதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அப்போது வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகளில் எல்லாம் கேசட்தான். ஒரு பக்கம் பேசி, ஊருக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவது. அவள் அரை மணி நேரம் பேசி அனுப்புவாள். நானும் அரை மணி நேரம் பேசுவேன். எதைப் பேசுவது? எனக்கு நடந்ததெல்லாம் காரில்தான் நடந்தது. அதனால் காரைப் பற்றிப் பேசினேன். இடது கை எழுந்த அன்று, அது 'டக்' என்று எழும் சத்தத்தைக்கூட மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்து அனுப்பினேன். உன்னைக் கூட்டி வரத்தான் என்று மட்டும் சொல்லவில்லை. அது வந்து பார்க்கும்போது தெரியட்டும் என்று வைத்திருந்தேன்.

அவள் லீவுக்கு நாலு மாதம் இருக்கும்போது புது பாட்டரி வாங்கிப் பொருத்தினேன். அங்கேதான் சனி பிடித்தது. பாட்டரியின் இரண்டு முனைகளில் பிளஸ் கொஞ்சம் பருமன், மைனஸ் கொஞ்சம் ஒல்லி. எங்கள் பிரிவில் நான் பார்த்த வண்டிகளில் எல்லாம் மைனஸ்தான் வண்டியின் உடம்புக்குப் போகும். கண்ணைக் கட்டிவிட்டாலும் என் கை அப்படித்தான் மாட்டும். இந்தக் காரில் உடம்பிலிருந்து வரும் பட்டையின் கிளாம்பை மைனஸில் மாட்டினால் தொளதொளவென்று ஆடியது. இன்னொரு கிளாம்போ பிளஸ்ஸுக்குள் இறங்க மாட்டேன் என்றது. நான் யார்? பதினைந்து வருஷ சர்வீஸ். ஆடிய கிளாம்புக்குள் ஈயத் தகட்டைச் சுற்றி இறுக்கினேன். இறங்காததை அரத்தால் ராவிப் பெரிதாக்கினேன். பழைய வண்டி என்றால் இப்படித்தான் முரண்டு பிடிக்கும் என்று அதைத் திட்டவும் செய்தேன்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்சம் வேகம் கொடுத்தேன். ஆம்பியர் காட்டும் முள் ஒரு ஓரத்துக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. பானெட்டுக்குள்ளிருந்து புகை. இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் டைனமோவையும் பாட்டரியையும் சேர்த்தும் பிரித்தும் விடுகிற கட்டவுட் என்ற சின்னப் பெட்டி உள்ளே கருகிப்போயிருந்தது. சரி, பழசு என்று இன்னொன்று தேடிப் பிடித்து மாட்டினேன். அதுவும் கருகியது. டைனமோவில்தான் கோளாறு என்று அதைக் கழற்றிப் பிரித்தேன். கார்பன் பிரஷ்ஷை மாற்றினேன், சுருளை அளந்து பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பூட்டினேன். மறுபடியும் புகை. இப்படி மூன்று முறை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன். என்னை மட்டும் பார்த்துக்கொள்ளவில்லை.

இந்தக் கதையெல்லாம் விலாவாரியாக கேசட்டில் பேசி அனுப்பினேன். மூன்று வாரத்தில் அவள் கேசட் வந்தது. ஹாஸ்டலில் தண்ணீர் வராதது, வார்டில் ஒரு கிழவர் அவளை மகளே என்று கூப்பிட்டது, கடைத்தெருவில் மல்லிகைப் பூ பார்த்தது எல்லாம் சொன்னாள். பிறகு சொன்னாள்:

"உங்க காரைப் பத்தி யோசிச்சேன். எனக்கு இதெல்லாம் தெரியாது, சிரிக்காதீங்க. இங்க ஒரு தடவை ஈ.சி.ஜி. எடுக்கும்போது ரெண்டு கையிலயும் ஒயரை மாத்தி மாட்டிட்டேன். கோடெல்லாம் தலைகீழா வந்துச்சு. அந்த ஆளுக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல, மாட்டினதுதான் தப்பு. நீங்களும் எங்கேயாவது மாத்தி மாட்டியிருப்பீங்களோ?"

நான் சிரித்தேன். மனுஷனுக்கு மாட்டுகிற ஒயரும் வண்டிக்கு மாட்டுகிற ஒயரும் ஒன்றா? அதற்குப் பிறகு அவள், "சரி, இப்ப நீங்க பேசுங்க" என்றாள். ஒவ்வொரு கேசட்டிலும் அப்படிச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் விடுவாள். வெறும் டேப் ஓடும். அந்த இடம் வந்தால் நான் ஃபார்வர்ட் பட்டனை அமுக்கிவிடுவேன். பேச்சே இல்லாத இடத்தில் என்ன கேட்பது?

வேறு வழியில்லாமல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பூந்தமல்லிக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை ஒன்று. கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர், வாய் மட்டும் நூறு வயதுக்கு. அவரிடம் போவதே எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. கருகிய கட்டவுட்டையும், சூட்டில் இற்றுப்போன பாட்டரிப் பட்டையையும் துணிப்பையிலிருந்து எடுத்து அவர் பெஞ்சில் வைத்தேன். அவர் கட்டவுட்டைப் பார்க்கவே இல்லை. பட்டையின் கிளாம்பை எடுத்தார். அதற்குள் சுருண்டிருந்த ஈயத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி வெளியே எடுத்து என் முன்னால் ஆட்டினார்.

"இன்னா சார் இது?"

"லூஸா இருந்துச்சு. பேக்கிங் கொடுத்தேன்."

"இது எங்கேந்து வர்ற பட்டை?"

"பாடியிலேருந்து."

"பாடிக்கு இன்னா குட்த்துகீறே?"

"மைனஸ்தான். வேற என்ன கொடுப்பாங்க?"

அவர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சிரித்தார். "மாமே, இங்க வந்து பாரு. பேக்டரி சாரு சீம வண்டிக்குப் பாடில மைனஸ் குட்த்துகீறாரு." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், அந்தக் காலத்து சீம வண்டிக்கெல்லாம் பாடிக்குப் பிளஸ்ஸு. கிளாம்பு பெர்சா கீதே, குண்டு முனைக்குத்தான் சேரும்னு வண்டியே சொல்லுது. நீ அத்தோட வாயில ஈயத்த சொருவிட்டுக்கீறே. டைனமோ பழைய பயக்கத்துல ஒரு பக்கம் தள்ளுது, உன் பாட்டரி எதிர்ப்பக்கம் தள்ளுது. பொகையாம இன்னா பண்ணும்?"

எனக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. அவர் சொன்னதில் தப்பே இல்லை என்று கை வைக்காமலே தெரிந்துவிட்டது. புதுப் பட்டை ஒன்று கொடுத்தார். பாட்டரியைத் திருப்பி மாட்டியபின் டைனமோவின் சின்ன முனையில் பாட்டரி ஒயரை ஒரே ஒரு தடவை தொட்டு எடுக்கச் சொன்னார். "உன் பாட்டரிகிட்ட தப்பா இன்னா கத்துகினு கீதோ, அத்த மறந்துட்டு நேராய்டும். ஒரு தபாதான், ஒட்டிகினே நிக்காதே" என்றார்.

ஆவடி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போதுதான் உறைத்தது. இதை ஏற்கெனவே ஒருத்தி சொன்னாள். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, காரைக் கண்ணால் பார்க்காமல், சிரிக்காதீங்க என்று சொல்லிவிட்டுச் சொன்னாள்.

மறுநாள் அவர் சொன்னபடியே செய்தேன். பாட்டரியைத் திருப்பி வைத்தேன். பெரிய கிளாம்பு குண்டு முனையில் கச்சிதமாக உட்கார்ந்தது. அரத்தால் ராவிய கிளாம்பு மட்டும் பாழாகியிருந்தது, அதை மாற்றினேன். ஒயரைத் தொட்டு எடுத்தேன், சின்னதாக ஒரு பொறி. ஸ்டார்ட் செய்தேன். முள் மெதுவாக நகர்ந்து சார்ஜ் பக்கம் போய் நின்றது. புகை இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று சுற்றிலும் பார்த்தேன். வேப்பமரத்தடியில் ஒருத்தரும் இல்லை. உள்ளே போய் அவளுடைய கேசட்டை எடுத்துப் போட்டேன். ஈ.சி.ஜி. கதையை மறுபடி கேட்டேன். "சரி, இப்ப நீங்க பேசுங்க" வந்தது. இந்தத் தடவை பட்டனை அமுக்கவில்லை. டேப் ஓடியது. ஏர் கண்டிஷனர் ஓடும் சத்தம், தூரத்தில் யாரோ பாத்திரம் வைக்கும் சத்தம், அவள் மூச்சு விடுவது. நான் பதில் சொல்வதற்காக அவள் உண்மையாகவே காத்திருந்திருக்கிறாள். அப்படி ஒரு நிமிஷத்துக்கு மேல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரெக்கார்ட் பட்டனை அமுக்கிப் பேச உட்கார்ந்தேன். நீ சொன்னதுதான் சரி, தலைகீழாக மாட்டியிருந்தேன், எப்போது வருகிறாய், இங்கேயே இருந்துவிடு. மனதுக்குள் எல்லாம் வரிசையாக இருந்தது. வாயைத் திறந்தால், "கோளாறைக் கண்டுபிடிச்சுட்டேன்" என்று வந்தது. அதற்குப் பிறகு வழக்கம்போல டைனமோவைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். யார் கண்டுபிடித்தது என்று சொல்லவில்லை.

அவள் வந்த அன்று நல்ல வெயில். விமான நிலையத்துக்கு வெளியே வந்தவள் பஸ் நிறுத்தம் இருக்கும் பக்கமாகவே என்னைத் தேடினாள். நான் காருக்குப் பக்கத்தில் சட்டையை இன் செய்துகொண்டு நின்றேன். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மட்கார்டைத் தடவிப் பார்த்தாள். "இதா அது? கேசட்ல கேட்டதைவிடச் சின்னதா இருக்கே" என்றாள். இடது கையை எழுப்பிக் காட்டினேன். கை தட்டிச் சிரித்தாள். குன்றத்தூர் தாண்டியதும் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். மாங்காட்டில் கோயில் கூட்டத்துக்காக நிறுத்தியபோதுகூட எழுந்திருக்கவில்லை. அவள் தூங்கட்டும் என்று ஹாரன் அடிக்காமல் ஓட்டினேன். என் ஆயுளில் நான் சந்தோஷமாக இருந்த நாட்களை எண்ணச் சொன்னால் முதலில் அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன்.

அந்த மாதம் முழுக்க அவளைக் காரில் கூட்டிக்கொண்டு சுற்றினேன். கோயிலுக்கு, சொந்தக்காரர்கள் வீட்டுக்கு, அம்பத்தூருக்கு, சும்மா பூந்தமல்லி வரை. 'இனிமேல் போகவில்லை' என்று அவள் எப்போது சொல்வாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் சொல்லவில்லை. அவளும் எதற்கோ காத்திருந்தாள் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் நான் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். அடுத்த ரெண்டு வருஷ வேலைக்குப் பேப்பர் கொடுத்திருக்காங்க. கையெழுத்துப் போட்டுட்டேன். இன்னும் கொடுக்கல. பையிலதான் இருக்கு."

"எப்ப கொடுக்கணும்?"

"போய்க் கொடுக்கணும். போகலைன்னா கொடுக்க வேண்டாம்."

துணியைப் பிழிந்தபடி நான் சொன்னேன்: "உன் இஷ்டம். நான் எதுக்குக் குறுக்கே நிக்கணும்?"

நல்ல புருஷன் அப்படித்தான் சொல்வான் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்க இஷ்டம்தான் தெரியல. எத்தனை கேசட் அனுப்பியிருக்கீங்க! எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை கேட்டேன். கட்டவுட் எத்தனை தடவை எரிஞ்சதுன்னு என் ஹாஸ்டலுக்கே தெரியும். எப்ப வர்றேன்னு ஒரு தடவை கேட்டீங்களா?"

"அதுக்குத்தானே இந்தக் காரே..."

"எதுக்கு?"

இதோ, வாசல் திறந்து கிடந்தது. நுழைய வேண்டியதுதான் பாக்கி. பாழாய்ப்போன என் வாய் சொன்னது: "ஏர்போர்ட் போய்வர சௌகரியமா இருக்கும்னு."

"சரி" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் ஈரத் துணியோடு நின்றேன். பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அப்படியே நினைத்தேன்.

கிளம்பும் நாள் வந்தது. சாயங்கால விமானம், மத்தியானமே புறப்பட்டோம். பெட்டிகளை நானே ஏற்றினேன். கைப்பையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குள்தான் அந்தப் பேப்பர் இருந்தது. வழியெல்லாம் கார் மணி மணியாக ஓடியது. முள் சார்ஜ் பக்கம் அசையாமல் நின்றது. ஏதாவது ஒன்று போகட்டும், பெல்ட் அறுந்துபோகட்டும், டயராவது வெடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன். எதையும் நான் விட்டுவைக்கவில்லை, எல்லாவற்றையும் சரியாகச் செய்துவைத்திருந்தேன்.

குன்றத்தூர் தாண்டி ஒரு புளியமர நிழலில் ஓரங்கட்டினேன். தண்ணீர் பார்க்க வேண்டும் என்றேன். பானெட்டைத் தூக்கினேன். இக்னிஷன் காயிலுக்கு வரும் சின்ன ஒயர் என் கைக்கு எதிரே இருந்தது. திருகைக் கால் சுற்றுத் தளர்த்தினால் போதும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. உலகத்தில் எந்த மெக்கானிக்குக்கும் சந்தேகம் வராது. அந்த ரோட்டில் டாக்சிக்கு எங்கே போவது? விமானம் போய்விடும். நாங்கள் ஆவடிக்குத் திரும்பிவிடலாம். ஸ்க்ரூ டிரைவர் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அதை எடுத்துத் திருகில் வைத்தேன்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். என் கையைப் பார்த்தாள். ஸ்க்ரூ டிரைவர் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள்.

"என்னங்க, கோளாறா?" என்றாள்.

அவள் குரல் பயந்த குரல் இல்லை. விமானத்தைப் பிடிக்க வேண்டியவள் கேட்கும் குரலே இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட மாட்டானா என்று கேட்கிற குரல். இது எனக்கு அப்போதே தெரிந்தது. பிறகு யோசித்துப் புரிந்தது என்று எழுதினால் அது பொய்.

"ஒண்ணும் இல்ல" என்றேன். "எல்லாம் சரியா இருக்கு."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய் ஏறி உட்கார்ந்தாள். நான் பானெட்டை மூடினேன். சாவியைத் திருப்பியதும் முதல் முயற்சியிலேயே வண்டி கிளம்பியது.

மீனம்பாக்கத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டேன். வாசல் வரைக்கும்தான் என்னை விட்டார்கள். "வண்டி நல்லா ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் சேலை தெரியும்வரை நின்றேன். அப்புறம் காரில் ஏறினேன். பல்லாவரம், குன்றத்தூர், மாங்காடு, பூந்தமல்லி. பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. வழியில் எங்கேயாவது நின்றால் இறங்கிப் பார்க்க ஒரு வேலையாவது இருக்கும் என்று நினைத்தேன். ஆவடி வரைக்கும் வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை.